பொரிக்கு ஒரு பெட்டி

அக்டோபர் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்கு சுகந்தி அக்கா குடும்பம் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டது. பிரபாகர் சாருக்கு ஜெர்மனியில் வேலை. இனி மூன்று வருடமாவது அங்கேதான். வடவள்ளியில் இந்த வீடும், அவர்களுடைய நாய் பொரியும், நானும் மீதி.

சுகந்தி அக்கா ஆபீசில் எனக்கு மேலே இருந்தவர். துணிச் சாயங்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் கம்பெனி. அந்த அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அதை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கிக் கொடுத்து, ஒன்றரை மாதம் இங்கேயே தங்கி நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆபீசில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. "நீ கவனிக்கிற பொண்ணு செவ்வந்தி" என்று மட்டும் சொன்னார். பேசாத பெண் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள்.

பொரிக்கு மூன்று வயது. அப்பா பூடுல், அம்மா கோல்டன் ரெட்ரீவர். இரண்டும் கலந்தால் கோல்டன்டூடுல் என்று பெயராம். வெளிர் சந்தன நிறத்தில் உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி. குட்டியாக வந்த அன்றைக்கே அக்காவின் மகள் நிலானி வைத்த பெயர் பொரி. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. கார் கிளம்பும்போது அவள் அழவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "நீயும் வருவே" என்று அவனிடம் சொன்னாள்.

வருவது ஒரு பெட்டியைப் பொறுத்தது. ஹாலின் மூலையில் சாம்பல் நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. விமானத்தில் நாய் அதற்குள்தான் போக வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் அமைதியாகப் படுத்திருப்பதை வீடியோ எடுத்து நவம்பர் 15க்குள் நாய்களை ஏற்றி அனுப்பும் நிறுவனத்துக்குக் கொடுத்தால், 22ஆம் தேதி பெங்களூரிலிருந்து ஏற்றுவார்கள். அக்கா இரண்டு மாதம் முயன்று பார்த்தாராம். கதவைச் சாத்தினாலே தெருவே கூடும்படி கத்தினானாம். அதனால்தான் அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள். பழக்குவது என் பொறுப்பு.

பழகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டை உள்ளே வைத்தேன். மதியம் வரை பட்டினி கிடந்தான். பிறகு நான் தட்டை வெளியே எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

எங்கள் ஊர்ப் பக்கம் நாய் என்றால் வாசலில் கிடக்கும். மிச்சம் போடுவோம். அதற்கு ஒரு கால அட்டவணை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அக்கா எழுதிவைத்துவிட்டுப் போன தாளில், காலை ஆறு மணிக்கு நடை, மாலை ஆறு மணிக்கு நடை. காதுக்குள் முடி வளர்வதால் வாரம் ஒருமுறை பஞ்சால் துடைக்க வேண்டும். தாடி நனையும்படி தண்ணீர் குடிப்பான், குடித்தவுடன் துடைக்காவிட்டால் என் மடியில் வந்து துடைத்துக்கொள்வான். தினமும் வேர் வரை சீவ வேண்டும். இந்தக் கடைசி வரியின் கீழ் அக்கா இரண்டு கோடு போட்டிருக்கிறார். நான் மேலாகச் சீவினேன். வேர் வரை இழுத்தால் அவனுக்கு வலிக்காதா?

நடக்கப் போனால் எல்லோரும் நிறுத்துகிறார்கள். பால் வாங்க வந்த ஒரு பெரியவர், "ஏனுங் அம்மணி, இது என்ன ஜாதிங்க?" என்று கேட்டார். எங்கே போனாலும் என்னிடம் இந்தக் கேள்வியை வேறு மாதிரி சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நாயைப் பற்றி என்றால் நேராகவே கேட்கிறார்கள். கலப்பு என்றேன். "அதானே பார்த்தேன், ஆடா நாயான்னே தெரியல" என்று சிரித்தார். பொரி அவர் காலில் சாய்ந்து நின்றுகொண்டான். பெரியவர் பால் ஆறும்வரை அங்கேயே நின்று அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

இவனைப் போல ஒரு பிராணியை நான் பார்த்ததில்லை. யாரையும் சந்தேகப்பட மாட்டான். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தான், அதுவும் பிரபாகர் சாருடைய செருப்பை. யாராவது சத்தமாகப் பேசினால் நடுவில் வந்து உட்கார்வான். ஒரு சொல்லை மூன்று முறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறான். "நில்லு" ஒரே நாளில் வந்துவிட்டது.

தனியாக இருப்பது மட்டும் வராது. நான் குளிக்கப் போனால் கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சு விடுவான். நான் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே குளிக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல், முந்தின நாள் ஏற்றிய அறிக்கைகளை ஒப்பித்தேன்.

அம்மா போனில், "யாரோடடி பேசுற?" என்று கேட்டாள். ஆபீஸ் என்றேன். புளி தட்டும் வேலையில் இருப்பவளிடம், பட்டம் வாங்கிய மகள் நாயைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

என் வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டில் இல்லாத தீபாவளி. விடியலில் தலைக்கு எண்ணெய் வைக்க அம்மா இல்லை. நானே வைத்துக்கொண்டேன். பொரி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நாளில் வீட்டில் ஒருவருக்கு மட்டும் எண்ணெய்க் குளியல் என்றால் நன்றாக இல்லை. நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி, காதிலிருந்து வால் வரை ஊறத் தேய்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு சீயக்காய் போட்டு, தேய் தேய் என்று தேய்த்து, வெந்நீரில் குளிப்பாட்டினேன். வெயிலில் உட்கார வைத்துத் துண்டால் துவட்டினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

மாலை ஆறு மணிக்குத் தெருவில் சரவெடி. பொரி நடுங்கிப்போய் வீடு முழுக்க ஓடினான். என் மடிக்கு வருவான் என்று கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய் பெட்டிக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் பெட்டி வாசலில் உட்கார்ந்தேன். ஒன்பது மணி வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

பெட்டிக்குள் போய்விட்டான். மகிழ்ச்சியான விஷயம்தான்.

அக்டோபர் 22, புதன்

எண்ணெய் போகவில்லை. முடி காய்ந்து, கம்பளி போல் கட்டிகட்டியாக இறுகிவிட்டது. முன்னங்கால் இடுக்கிலும் காதுக்குப் பின்னாலும் தோலோடு சேர்ந்து இழுக்கிறது. சீப்பு இறங்கவே இல்லை. இழுத்தால் அவன் கத்தாமல் என் மணிக்கட்டை நக்கினான். அதற்குப் பதில் கடித்திருக்கலாம்.

அக்டோபர் 23, வியாழன்

கால்நடை மருத்துவர் அன்வர் பார்த்துவிட்டு, உதவிக்கு இருக்கும் பிரிட்டோ அண்ணனைக் கூப்பிட்டார். நாய்களுக்கு முடி வெட்டுபவர் அவர்தான். நடந்ததைக் கேட்டு மெஷினை அணைத்துவிட்டுச் சிரித்தார். "எண்ணெ வெச்சீங்க, சீயக்கா போட்டீங்க. புதுத்துணி எடுக்கலியா தங்கச்சி?"

பிறகு சொல்லிக்கொடுத்தார். இந்த முடிக்கு முதலில் சீப்பு, அப்புறம்தான் தண்ணீர். சிக்கு எடுக்காமல் நனைத்தால் ஒவ்வொரு முடிச்சும் இறுகிப் பஞ்சு மெத்தையாகிவிடும். பூடுலின் சுருளும் ரெட்ரீவரின் அடர்த்தியும் ஒரே தோலில் இருப்பதால் சிக்கு வேரில்தான் பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது. எண்ணெய் எந்த நாய்க்கும் வேண்டாம். வேறு வழியில்லாமல் மொத்தமாக எடுத்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு ஒல்லி நாய் வெளியே வந்தது. இவ்வளவு ஒல்லி என்று எனக்குத் தெரியாது.

அக்காவிடம் உடனே சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. அக்கா போனைப் பிடிக்க முடியாத அளவுக்குச் சிரித்தார். நிலானி அவனைப் பார்த்து, "உரிச்ச கோழி" என்றாள்.

அக்டோபர் 27, திங்கள்

இப்போது அவனே பெட்டிக்குள் போய்ச் சாப்பிடுகிறான். கதவைச் சாத்தி ஒரு நிமிடம். திறந்தேன். ஐந்து நிமிடம். திறந்தேன். நான் எதிரில் உட்கார்ந்து வேலை செய்தேன். கீபோர்டுச் சத்தம் கேட்டால் தூங்கிவிடுகிறான்.

அக்டோபர் 30, வியாழன்

கதவைப் பூட்டி இருபது நிமிடம். நான் சமையலறைக்குப் போய் வந்தேன். ஒரு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். காலை நீட்டிப் படுத்து, கம்பி வழியாக என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தட்டினான். என்னால் நம்ப முடியவில்லை. அக்காவால் இரண்டு மாதத்தில் முடியாததை இவன் பத்து நாளில் கற்றுக்கொண்டான்.

நவம்பர் 1, சனி

அக்கா வீடியோவில் வந்தார். பேச்சு நிலானியின் புதுப் பள்ளியைப் பற்றிப் போனது. கடைசியில், "பெட்டிக்குள்ள போறானா?" என்று கேட்டார். இன்னும் சரியாகப் பழகவில்லை என்றேன். முழுக்கப் பழகிய பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பாதியில் சொல்லி அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்து, பிறகு நடக்காமல் போனால்?

நவம்பர் 4, செவ்வாய்

மறுபடியும் கேட்டார். கதவைச் சாத்தினால் கத்துகிறான் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி, அவனைக் கஷ்டப்படுத்த வேண்டாம். 15ஆம் தேதிக்குள்ள ஆகலைன்னா விட்டுடலாம். வீட்டு ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, காலி பண்ணாம வெச்சிருக்கேன். நீ மேல் ரூம்ல இருந்துக்கோ. அவனை நீயே வெச்சுக்கோ. உன்கிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்றார்.

நான் சரிங்கக்கா என்றேன். பொரி என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

நவம்பர் 5, புதன்

நாற்பது நிமிடம்.

நவம்பர் 6, வியாழன்

மேல் அறையில் வெயில் எப்படி விழுகிறது என்று போய்ப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் அவனுக்கு நன்றாக இருக்கும். முடி அரை விரல் வளர்ந்திருக்கிறது, தினமும் வேர் வரை சீவுகிறேன். வீட்டுக்குள் நான் கூப்பிடுகிற குரல் எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாகிவிட்டது.

நவம்பர் 8, சனி

பூட்டி ஒரு மணி நேரம். அவனுக்கு அது ஒரு வீடு போல ஆகிவிட்டது. வேண்டுமென்றே நிறுத்திவிடலாமா என்று நேற்று நினைத்தேன். பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தேன். அவன் துணியை இழுத்துக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, கதவைப் பூட்ட நான் வருவதற்காகக் காத்திருந்தான். அது எங்கள் வேலை என்று நினைத்திருக்கிறான். போய்ப் பூட்டினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று பிரபாகர் சாரும் பக்கத்தில் இருந்தார். அக்கா ஒரு முறை கேட்டார், இல்லை என்று தலையசைத்தேன். நிலானி எழுந்து திரையை விட்டுப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "விடு சுகந்தி. கலப்புன்னா இப்படித்தான். ரெண்டு பக்கத்து புத்தியும் முழுசா வராது. சுத்தமான பூடுலா வாங்கியிருந்தா இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும். இது மக்கு."

கல்லூரி முதல் வருடத்தில் என் ஆய்வுக்கூட நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் யாரும் படிக்காதவர்கள் என்றால் இப்படித்தான் என்று பேராசிரியர் ஒருவர் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த நோட்டில் தப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

"அவன் மக்கு இல்ல சார்" என்றேன்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு பெரிதாக வந்திருக்க வேண்டும். பொரி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பத்து நாளா பூட்டின பெட்டிக்குள்ள இருக்கான் சார். மொதல்ல இருபது நிமிஷம், அப்புறம் நாப்பது. நேத்து ஒரு மணி நேரம். கத்துறதே இல்ல. தானா போய் உக்காந்து பூட்டச் சொல்றான். நான்தான் மறைச்சேன்."

சார் ஏதோ கேட்க வந்தார். அக்கா கையை நீட்டி நிறுத்தினார். ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. "உன்கிட்ட நீயே வெச்சுக்கோன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது செவ்வந்தி" என்றார். பிறகு, "வீடியோ எடுத்து அனுப்பும்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பி, நிலானியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலோடு அழைப்பு முடிந்தது.

நான் செய்தது திருட்டுதான். அதைவிட, அவனுக்கு வராது என்று நானே சொன்னேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டு மணி நேரம் ஏழு நிமிடம். வீடியோவில் நடுவில் ஒரு முறை புரண்டு படுக்கிறான். மற்றபடி ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டேன். ஏற்றுக்கொண்டதாக மாலையே பதில் வந்தது.

நவம்பர் 12 முதல் 20 வரை

எழுதவில்லை. நிறைய நடந்தோம்.

நவம்பர் 21, வெள்ளி

பெங்களூருக்குக் கார். பின்சீட்டை மடித்துப் பெட்டியை வைத்தோம். நான் பக்கத்தில். வண்டி எங்கள் ஊர் தர்மபுரி வழியாகத்தான் போகும் என்பதால் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன், எல்லாவற்றையும் சேர்த்து. புறவழிச் சாலையில் ஒரு டீக்கடை பக்கத்தில், தூக்குச் சட்டியில் புளிசாதத்தோடு நின்றிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், நகத்தில் புளிக்கறை.

பொரியை இறக்கினேன். அம்மா நாயைத் தொட மாட்டாள். அவன் போய் அவள் புடவையை முகர்ந்து, புளி வாசனைக்கு ஒரு தும்மல் போட்டு, அவள் முழங்காலில் சாய்ந்தான். அம்மா பின்னால் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் தலையில் இரண்டு விரலை மட்டும் வைத்தாள்.

"இதுகூடத்தானா ஒரு மாசமா பேசிக்கிட்டிருந்தே?"

ஆமாம் என்றேன்.

"உனக்கு இவ்ளோ பேச வரும்னே தெரியாது எனக்கு" என்றாள். காரில் ஏறும்போது, திரும்பி வரும் வழியில் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். வீட்டைக் காலி செய்து உரிமையாளரிடம் சாவி ஒப்படைக்க வேண்டும் என்றேன்.

நவம்பர் 22, சனி

சரக்கு முனையத்தில் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மைக்ரோசிப்பைப் பார்த்தார்கள், பெட்டியை எடை போட்டார்கள். அனுப்பும் நிறுவனத்தின் பெண்மணி ஒரு வெள்ளை அட்டையை நீட்டி, வழியில் பார்த்துக்கொள்பவர்களுக்கு நாயைப் பற்றி எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில், நாலு வரி போதும் என்றார்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றாலே எனக்குக் கை வேர்க்கும். ஆனால் யோசிக்கவே இல்லை. அவன் பெயர் பொரி. சத்தத்துக்குப் பயப்படுவான், மனிதர்களுக்குப் பயப்பட மாட்டான். தண்ணீர் கொடுத்தால் தாடியைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் மேல் துடைப்பான். பக்கத்தில் யாராவது தட்டச்சு செய்தால் தூங்கிவிடுவான். மிகவும் கெட்டிக்காரன். அட்டையின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. கீழே செவ்வந்தி, பி.எஸ்ஸி. வேதியியல் என்று எழுதிவிட்டேன். ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் முழுவதையும் படித்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பியும் படித்துவிட்டு, அப்படியே ஒட்டினார்.

கதவைத் திறந்து பிடித்தேன். போ என்று சொல்லவில்லை. அவனே போனான். ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தான். நான் பூட்டினேன். தள்ளுவண்டி நகர்ந்தபோது மற்ற இரண்டு பெட்டிகளிலிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. நடுப் பெட்டியில் சத்தமே இல்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் அக்காவிடமிருந்து வீடியோ. வீட்டு வாசலில் பெட்டி. குளிருக்குக் கோட்டு போட்ட நிலானி கதவைத் திறக்கிறாள். அவன் உடனே பாய்ந்து வரவில்லை. எழுந்து, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கினான். அவளை மூன்று சுற்று சுற்றினான். பிறகு பக்கத்து வீட்டுக் காரின் சக்கரத்தில் வெகுநேரம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். நிலானி அழுதுகொண்டே சிரித்தாள். முகம் தெரியாமல், வீடியோ எடுப்பவரின் குரல் மட்டும் கேட்டது. பிரபாகர் சார். "கெட்டிக்காரன்தான்டா நீ."

அந்த இடத்தை மட்டும் ஏழெட்டு முறை போட்டுக் கேட்டேன்.

நாளை சாவி கொடுக்க வேண்டும். மாலையில் வீட்டைப் பெருக்கினேன். வேறு நாயாக இருந்தால் மூலை மூலையாக முடி கிடந்திருக்கும். பூடுல் கலந்த இந்த வகைக்கு முடி உதிர்வதில்லை. அதற்காகவே விரும்பி வாங்குகிறார்களாம். முறத்தில் தூசி மட்டும்தான் இருந்தது.

சோபாவை நகர்த்திவிட்டு இன்னொரு முறை பெருக்கினேன்.